நெய்யூர்ப் பக்கம் ஒரு நாள்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி, அதான் ரொம்ப நாளா ஆளைக் காணோம். போன மே மாசம் ஊருக்குப் போய் வந்ததிலிருந்தே இதை எழுதணும்னு நினைச்சிட்டிருந்தேன். நாலு தடவை ஆரம்பிச்சு நாலு தடவையும் பாதியில நின்னுபோச்சு. தங்கமணிகிட்ட படிச்சுக் காட்டி, ரெண்டு இடத்துல திட்டு வாங்கி, ஒருவழியா இன்னைக்குத்தான் அனுமதி கிடைச்சிருக்கு. பயணக்கட்டுரை மாதிரி ஆரம்பிச்சு வேற எங்கியோ போய் முடியும். பொறுத்துக்குங்க.

முதல்ல ஊர் நிலவரம். எனக்குத் தேரூர். கவிமணி பிறந்த ஊர்னு சொன்னா தமிழ் வாத்தியார்களுக்குப் புரியும். குளத்துக்கு வெளிநாட்டுப் பறவை வரும்னு சொன்னா கேமரா தூக்கிட்டு அலையுறவங்களுக்குப் புரியும். மத்தவங்களுக்கு "சுசீந்திரம் பக்கம்". வெளியூர்க்காரங்களுக்கு மொத்தமும் கன்னியாகுமரி மாவட்டம்தான். ஆனா எங்க ஆளுங்க மனசுல நடுவுல ஒரு கோடு உண்டு. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் நாஞ்சில் நாடு. வயக்காடும் குளமுமா இருக்கும். பார்வதிபுரம் தாண்டினா அது "மேக்க". கல்குளம், விளவங்கோடு. அங்கே ரப்பர், மரச்சீனி, மலையாளம் கலந்த பேச்சு. நான் சின்ன வயசுல மேக்க போனதெல்லாம் திற்பரப்பு அருவி, பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், அவ்வளவுதான். மூணும் டூரிஸ்ட் வேன்ல போற இடம். நடுவுல மனுஷங்க குடியிருக்காங்கங்கறதை நான் யோசிச்சதே இல்லை.

இந்த லட்சணத்துல, தங்கமணிக்கு எங்க மாவட்டத்தை நான் சுத்திக் காட்டறேன்னு கல்யாணம் ஆன புதுசுல சவடால் விட்டேன். அவ சிரிச்சா. ஏன்னா எனக்கு முன்னாடியே அவ இங்க ரெண்டு வருஷம் இருந்துட்டுப் போயிட்டா.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

தங்கமணி குன்னூர்க்காரி. நர்சிங் படிக்கப் பணம் குடுத்த டிரஸ்ட், படிச்சு முடிச்சதும் தாங்க சொல்ற மிஷன் ஆஸ்பத்திரியில ரெண்டு வருஷம் வேலை பாக்கணும்னு எழுதி வாங்கியிருந்தது. (வேலூர் சி.எம்.சி.யில சபைகளோட ஸ்பான்சர்ஷிப்ல படிக்கிறவங்களுக்கும் இதே மாதிரி ரெண்டு வருஷ ஏற்பாடு உண்டு.) அப்படி அவளுக்கு விழுந்தது நெய்யூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பேர் போடக்கூடாதுன்னு தடா. 2017 ஜூன்ல ஒரு சூட்கேஸ், ஒரு பைபிள், ரெண்டு ஸ்வெட்டரோட இரணியல் ஸ்டேஷன்ல வந்து இறங்கியிருக்கா. ரெண்டு வருஷமும் அந்த ஸ்வெட்டரைப் பெட்டிய விட்டு வெளியவே எடுக்கலையாம்.

வந்து ஆறு மாசத்துல ஒக்கி புயல். 2017 நவம்பர் 30. நான் அப்ப சென்னையில புதுசா வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வீட்டுக்குப் போன் போட்டேன், ரெண்டு தென்னை விழுந்துட்டு, கரண்ட் இல்லைன்னாங்க. சரின்னு வச்சுட்டேன். எனக்கு ஒக்கி அவ்வளவுதான். அவளுக்கு ஒக்கின்னா, கடலுக்குப் போனவன் இன்னைக்கு வருவான் நாளைக்கு வருவான்னு கரையில உக்காந்திருந்த பொம்பளைங்களுக்குப் பி.பி. பாத்தது.

அப்புறம் அவளை வீட்டு நோயாளிங்களைப் பாக்கிற வேலைக்குப் போட்டாங்க. பேலியேட்டிவ் கேர். ஆஸ்பத்திரியில இனி குணமாக்க வழியில்லைன்னு அனுப்பிடற ஆளுங்களை வீட்டுல போய்ப் பாக்கிறது. புண்ணைக் கழுவிக் கட்டுறது, மூத்திரக் குழாய் மாத்துறது, மாத்திரை அளவைச் சரி பண்றது, அப்புறம் சும்மா பக்கத்துல உக்காந்திருக்கிறது. இந்தக் கடைசி வேலைதான் பெரிய வேலைன்னு சொல்லுவா.

2019 பிப்ரவரியில எங்க ஆச்சி செத்துப்போனா. என்னை வளர்த்தவ. வயித்துல கட்டி. நாகர்கோவில்ல காட்டின ஆஸ்பத்திரியில "இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்லிட்டாங்க. நான் அப்ப முதல் ஆன்சைட்டுல சார்லட்ல இருந்தேன். வந்து ஒரு மாசம்கூட ஆகலை. மேனேஜர்கிட்ட கேக்கவே பயம். டிக்கெட் விலை பாத்தேன், லீவ் பாலன்ஸ் பாத்தேன், ரிலீஸ் தேதி பாத்தேன். எல்லாத்தையும் பாத்துட்டு, ஆச்சியைப் பாக்கப் போகலை. அம்மா போன்ல சொன்னா: "வருத்தப்படாத மக்கா. கடைசி வரைக்கும் ஒம்பேரத்தான் சொல்லிட்டிருந்தா." அதை வச்சுத்தான் நான் அதுக்கப்புறம் தூங்கினேன்.

2020-ல ஒரு நண்பன் மூலமாத் தங்கமணி பழக்கம். ரெண்டாவது தடவை பேசினப்பவே இந்த ஆச்சி கதையை அவகிட்ட சொன்னேன். எல்லாரும் "அய்யோ பாவம், போக முடியாமப் போச்சே"ன்னு என்னைத் தேத்துவாங்க. இவ மட்டும் கேட்டது வேற.

"அவங்களுக்கு வலி இருந்துச்சா?"

தெரியாதுன்னு சொன்னேன். அம்மாகிட்ட கேட்டதில்லைன்னும் சொன்னேன். அவ அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை.

2021-ல கல்யாணம். வேற மதம், வேற ஊர், ஆஸ்பத்திரி வேலை பாக்கிற பொண்ணுன்னு அம்மாவுக்கு மூணு வருத்தம். கொரோனா புண்ணியத்துல சொந்தக்காரங்க கூட்டம் இல்லாம முடிஞ்சுது. குட்டிப் பாப்பா வந்த பிறகு மூணு வருத்தமும் கொஞ்சம் தேஞ்சுது. ஆனாலும் மாமியாரும் மருமகளும் பேசிக்கிறது பாப்பாவோட சாப்பாடு, சளி, ஜட்டி இந்த மூணைப் பத்தித்தான்.

சரி, மே மாசத்துக்கு வருவோம்.

நான் எக்செல்ல போட்ட பிளான்: முதல் நாள் குமரி, ரெண்டாம் நாள் சுசீந்திரம், மூணாம் நாள் அரண்மனை, தொட்டிப்பாலம். தங்கமணி அதைப் பாத்துட்டு, "மூணாம் நாளை எனக்குக் குடு. நெய்யூர்ப் பக்கம் போகணும்"னா. எதுக்குன்னு கேட்டா, "ஒரு வேலை பாக்கி இருக்கு." அதுக்கு மேல வாயத் திறக்கலை.

அடுக்களையிலிருந்து அம்மா குரல்: "நானும் வாறேன்."

எனக்கு இட்லி தொண்டையில நின்னுச்சு. மருமகளோட ஆஸ்பத்திரியைப் பாக்க அம்மாவா? "வீட்டுல இருந்து என்ன செய்ய? பிள்ளைய யாரு பாப்பா?"ன்னு ஒரு காரணம் வச்சிருந்தா.

காலையில எட்டு மணிக்குக் கிளம்பினோம். நாகர்கோவிலைக் கடந்து, பார்வதிபுரம் மேம்பாலம் ஏறி இறங்கி, சுங்கான்கடை தாண்டி திங்கள்சந்தை. நாகர்கோவில்ல இருந்து இருபது கிலோமீட்டருக்குள்ளதான். வழியெல்லாம் சக்கை சீசன். ரோட்டோரமா பலாப்பழம் குவிச்சு வச்சிருந்தாங்க, கார் ஏசியில கூட வாசம் வந்துச்சு. இருபத்தொன்பது வயசு எனக்கு. சார்லட்ல எந்தத் தெருவுல எந்தத் தோசைக்கடைன்னு சொல்லுவேன். திங்கள்சந்தையில எந்தப் பக்கம் திரும்பணும்னு கூகிளைத்தான் கேட்டேன். பக்கத்து சீட்டுல இருந்து, "கூகிளை அணைச்சுட்டு லெஃப்ட் எடு"ன்னு பதில் வந்துச்சு.

முதல்ல நெய்யூர் பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தினோம். நான் முந்தின நாள் ராத்திரி உக்காந்து படிச்சு வச்சிருந்ததையெல்லாம் எடுத்து விட்டேன். கொஞ்சம் சரித்திரம் வருது, தூங்கிடாதீங்க.

1806-ல ரிங்கல்தௌபேங்கிற ஜெர்மன்காரர் மயிலாடிக்கு வந்தார். அவரைக் கூப்பிட்டு வந்தது மயிலாடி வேதமாணிக்கம். பத்து வருஷம் இருந்து 1816-ல கப்பலேறினார், அதுக்கப்புறம் அவர் என்ன ஆனார்னு யாருக்கும் தெரியாது. அடுத்து லண்டன் மிஷன்ல இருந்து மீட் ஐயர் வந்து நாகர்கோவில்ல பள்ளிக்கூடம், அச்சுக்கூடம்னு ஆரம்பிச்சார். 1838-ல ராம்சேன்னு ஒரு டாக்டர் நெய்யூருக்கு வந்து வைத்தியத்தைத் தொடங்கினார். அவருக்கப்புறம் பல வருஷம் டாக்டரே இல்லை. 1852-ல லெய்ச்னு ஒருத்தர் வந்தார். ரெண்டே வருஷம். 1854-ல முட்டம் கடல்ல குளிக்கப்போய் மூழ்கிட்டார். முட்டம்னா, ஆமா, பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்த அதே முட்டம்தான்.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு ஹோவர்ட் சோமர்வெல். முதல் உலகப்போர்ல காயம்பட்டவங்களுக்கு அறுவை சிகிச்சை பண்ணின டாக்டர். 1922 எவரெஸ்ட் பயணத்துல போனவர். அந்தப் பயணத்துல பனிச்சரிவுல ஏழு சுமைதூக்கிகள் செத்துட்டாங்க. திரும்புறப்ப இந்தியாவைச் சுத்திப் பாத்துட்டுப் போலாம்னு வந்தவர் நெய்யூருக்கும் வந்தார். வெளிய காத்திருந்த கூட்டத்தையும், தனியா மல்லுக்கட்டிட்டிருந்த டாக்டரையும் பாத்துட்டு, இங்கயே வேலைக்கு வந்துட்டார். நடுவுல 1924-ல மறுபடி எவரெஸ்ட். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாம கிட்டத்தட்ட 28,000 அடி. தொண்டை அடைச்சு மூச்சு நின்னு, சாகப்போறோம்னு உக்காந்து, நெஞ்சை அமுக்கி இருமி, தொண்டைக்குள்ள கிடந்த சதையைத் துப்பிட்டு இறங்கி வந்தார். வந்தவர் நேரா நெய்யூர். இருபது வருஷத்துக்கு மேல இங்கதான். அப்புறம் வேலூர்.

"எவரெஸ்ட் ஏறினவர், திங்கள்சந்தையில காய்கறி வாங்கியிருக்கார், யோசிச்சுப் பாரேன்!"னு நான் குதிச்சேன்.

தங்கமணி பாப்பாவுக்குத் தண்ணி குடுத்துக்கிட்டே, "அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஆபரேஷன்னு தேடிப் பாத்தியா? எத்தனை அடி ஏறினார்னு மட்டும் பாத்தியா?"ன்னா.

அடிகள் மட்டும்தான் பாத்திருந்தேன். நல்லவேளை, அம்மா "வெயிலு ஏறுகு, போலாம்"னு காப்பாத்தினா.

அவ வேலை பாத்த ஆஸ்பத்திரி உள்ள தள்ளி, ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல. ஓட்டுக்கட்டடம் ஒண்ணு, புதுசா ஒரு மாடி. கேட்டைத் தாண்டினதுமே சமையல்கட்டுல இருந்து ஒரு அக்கா கையத் துடைச்சுக்கிட்டே ஓடி வந்தாங்க. "லே, நம்ம ஊட்டி சிஸ்டருல்லா!" குன்னூர்னு ரெண்டு வருஷம் சொல்லியும் இவங்களுக்கு அவ ஊட்டி சிஸ்டர்தானாம். என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "இதாக்கும் ஒனக்க மாப்பிள? கொள்ளாம்"னு தீர்ப்பு சொன்னாங்க. (அந்தக் 'கொள்ளாம்'ல கொஞ்சம் ஏமாற்றம் இருந்துச்சோன்னு இன்னும் சந்தேகம்.)

மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வந்துச்சு. அம்மா சைவம். வெளிய தண்ணிகூட யோசிச்சுத்தான் குடிப்பா. அந்த அக்கா அதைப் புரிஞ்சுக்கிட்டு, தனியா கிழங்கும் தேங்காய்ச் சம்மந்தியும் கொண்டுவந்து வச்சாங்க. அம்மா சாப்பிட்டா. ரெண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டா.

அப்புறம் தங்கமணி அவளோட பழைய அறையைக் காட்டினா. வீட்டு விசிட்டுக்குக் கொண்டுபோற பை அதே ஆணியில தொங்கிட்டிருந்துச்சு. இப்ப வேற ஒரு சின்னப் பொண்ணு அந்த வேலையில இருக்கா. அவ பைக்குள்ள இருக்கிறதை எடுத்துக் காட்டினா. பஞ்சு, துணி, கையுறை, மாத்திரை அட்டைகள்.

"இது மார்ஃபின் அத்தை. வலிக்கு"ன்னா தங்கமணி.

அம்மா கையப் பின்னால இழுத்துக்கிட்டா. "போதை மருந்துல்லா?"

"ஊசியில கண்டபடி ஏத்தினா போதை. வலிக்கு அளவாக் குடுத்தா மருந்து. வாய் வழியா மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு. மலச்சிக்கல் வரும், அதுக்கும் சேத்து ஒரு மாத்திரை. பாதி ராத்திரியில எழுப்பக்கூடாதுன்னு படுக்கப்போறப்ப ரெண்டு பங்கு. வலி குறைஞ்சா மனுஷங்க பேசுவாங்க அத்தை. சாப்பிடுவாங்க. சண்டை போடுவாங்க."

எனக்கும் அன்னைக்குத்தான் தெரியும். 1985-ல வந்த போதைப்பொருள் சட்டத்துல கெடுபிடி அதிகமாகி, ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வாங்கி வைக்கணும்னா ஏகப்பட்ட லைசென்ஸ் வேண்டியிருந்துச்சாம். எதுக்கு வம்புன்னு நிறைய ஆஸ்பத்திரிங்க வாங்கிறதையே விட்டுட்டாங்க. 2014-ல சட்டத்தைத் திருத்தி அதை எளிதாக்கினாங்க. பக்கத்துல கேரளாவுல 1993-லயே கோழிக்கோட்டுல ஆரம்பிச்சு, ஊர்க்காரங்களே தன்னார்வமா வீடு வீடாப் போற அளவுக்கு வளத்துட்டாங்க.

அம்மா அந்த மாத்திரை அட்டையைக் கையில வாங்கி, கண்ணாடி இல்லாம, கிட்ட வச்சு ரொம்ப நேரம் பாத்தா. ஒண்ணும் பேசலை.

மதியம் கடற்கரைப் பக்கம் போனோம். மண்டைக்காடு வழியா இறங்கி, குளச்சல் தாண்டி மேக்க ஒரு ஊர். வீடுங்க ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கிட்டு நிக்கும், சந்துல கார் போகாது. பாப்பாவை நான் தூக்கிக்கிட்டேன். வழியெல்லாம் "சிஸ்டரே, சிஸ்டரே"ன்னு குரல். எங்க ஊர்ல என்னை இத்தனை பேர் கூப்பிட்டதில்லை.

அவ தேடிப் போன வீட்டுல ஒரு பாட்டி இருந்தாங்களாம். மார்புல புற்று, புண்ணாகி, முதுகு வரைக்கும் பரவிடுச்சு. மருமகதான் பாத்துக்கிட்டது. ஒரே மகன் பஹ்ரைன்ல மீன்பிடிப் போட்டுல. வர முடியலை, முதலாளிகிட்ட பாஸ்போர்ட் மாட்டிக்கிச்சு. 2018 ஆகஸ்ட்ல ஒரு நாள் சாயங்காலம், தங்கமணி அங்க இருக்கிறப்ப மகன்கிட்ட இருந்து போன். வீடியோ வரலை, வெறும் குரல்தான். பாட்டிக்கு அப்ப நினைவில்லை. மருமக அழுதுகிட்டே ஓரமா உக்காந்துட்டதால, போனைப் பாட்டி காதுல வச்சுப் பிடிச்சது தங்கமணி. அவர் அஞ்சு நிமிஷம் பேசியிருக்கார். அழுதிருக்கார். அப்புறம் கேட்டிருக்கார்: "சிஸ்டரே, அம்மக்குக் கேட்டுதா?"

அவளுக்கு அப்ப இருபத்துமூணு வயசு. "கேட்டுச்சு அண்ணா. சிரிச்சாங்க"ன்னு சொல்லிட்டா.

பாட்டி சிரிக்கலை. கண்ணைத் திறக்கலை. கை அசையலை. அன்னைக்கு ராத்திரியே போயிட்டாங்க.

இதையெல்லாம் அந்த வீட்டு வாசலுக்குப் போற வழியிலதான் எங்கிட்ட சொன்னா, வேகமா, முன்னால நடந்துகிட்டே. மருமக வருஷா வருஷம் கிறிஸ்மஸ் வாழ்த்து அனுப்புவாங்களாம். இந்தத் தடவை மகனும் ஊருக்கு வந்து வீட்டோட இருக்கார்னு தெரிஞ்சுதான் இந்த மூணாம் நாளைக் கேட்டிருக்கா.

உள்ள போனதும் மருமக கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. மகன் வலை பின்னிக்கிட்டிருந்தார். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். நிமிர்ந்து பாத்து சும்மாச் சிரிச்சார். யாருன்னு தெரியலை. தங்கமணி, "நல்லா இருக்கீங்களா அண்ணா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான். அவர் கை அப்படியே நின்னுச்சு.

"இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்"னார். "அம்மைக்கக் காதுல போன வச்சது நீங்கதான?"

ஆமான்னு தலையாட்டினா. யாரும் பேசலை. உள்ள ஃபேன் ஓடுற சத்தம் மட்டும். அம்மா வாசல்படியிலேயே நின்னுட்டா.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அம்மா சிரிச்சாங்கன்னு சொன்னேன். அவங்க சிரிக்கலை. கண்ணு திறக்கலை. நீங்க பேசினது கேட்டுச்சான்னு எனக்கு நெஜமாத் தெரியாது. நீங்க அழுதீங்க, அதான் அப்படிச் சொல்லிட்டேன். போன் மட்டும் கடைசி வரைக்கும் அவங்க காதுலதான் இருந்துச்சு."

எனக்குக் கால் நடுங்குச்சு. ஏழு வருஷம் கழிச்சு இதை எதுக்குச் சொல்லணும்? அந்த ஆளு அந்தச் சிரிப்பை வச்சு வாழ்ந்துட்டிருந்தா?

அவர் கொஞ்ச நேரம் வலையைப் பாத்துட்டிருந்தார். அப்புறம் மெதுவா சொன்னார். "எனக்கு அன்னைக்கே தெரியும் சிஸ்டரே. எனக்க அம்ம போன் எடுத்தா மொதல்ல ஏசுவா. 'எப்பம்லே வாற?'ன்னு ஏசிட்டுத்தான் மத்தப் பேச்சு. சிரிச்சான்னு நீங்க சொன்னப்பமே, இது அம்ம இல்லன்னு தெரிஞ்சு." மருமக அழுதுகிட்டே சிரிச்சாங்க. அவரும் சிரிச்சார். கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "போன வச்சிட்டுப் போவாம நின்னியளே. அது போதும்"னார்.

கருப்பட்டிக் காப்பி குடிச்சோம். பாப்பா வலைக்குள்ள போய் மாட்டிக்கிட்டா, அவளை விடுவிக்கிற சாக்குல எல்லாரும் கொஞ்சம் நார்மலானோம். கிளம்பறப்ப நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம். அம்மா அதைத் தன் மடியில வச்சுக்கிட்டா. நான் சொன்னேனே, அம்மா சைவம்.

திரும்பறப்ப இருட்டிட்டு வந்துச்சு. பாப்பா தூங்கிட்டா. திங்கள்சந்தை தாண்டற வரைக்கும் யாரும் பேசலை. பின் சீட்டுல இருந்து அம்மா திடீர்னு சொன்னா.

"ஆச்சி ஒம்பேரச் சொல்லல மக்கா."

நான் ஓட்டிட்டே இருந்தேன்.

"கடைசி நாலு நாளு ஒண்ணுமே பேசல. மொனங்கிட்டேதான் கெடந்தா. நீ அங்க ஒத்தையில கெடக்கியேன்னு நாந்தான் அப்படிச் சொன்னேன்."

அந்த மகன் மாதிரி "எனக்கு அன்னைக்கே தெரியும்"னு சொல்ல ஆசைதான். ஆனா எனக்குத் தெரியாது. ஆறு வருஷமா நம்பிட்டிருந்தேன். ஓரமா வண்டியை நிறுத்தலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள அம்மா என்னை விட்டுட்டா. அவ கேள்வி எங்கிட்ட இல்லை. முன் சீட்டுப் பக்கம் குனிஞ்சா.

"பிள்ளே, ஒண்ணு கேக்கட்டா? அப்படி மொனங்கினா... வலியா இருக்குமோ?"

தங்கமணி திரும்பி அவளைப் பாத்தா. இப்பவும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

"இருந்திருக்கும் அத்தை."

"ம்." கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த மாத்திர இருந்தா கொறஞ்சிருக்குமோ?"

"குறைஞ்சிருக்கும்."

"எனக்குத் தெரியாதே பிள்ளே. யாரும் சொல்லலியே. இந்தா கெடக்க நெய்யூரு."

"உங்களுக்குத் தெரியாது அத்தை. தெரியாம இருந்தது உங்க தப்பில்லை. நீங்க பக்கத்துல இருந்தீங்க."

கண்ணாடியில பாத்தேன். தங்கமணி கையப் பின்னால நீட்டியிருந்தா. அம்மா அதைப் பிடிச்சுக்கிட்டிருந்தா. சுங்கான்கடை வந்துச்சு, பார்வதிபுரம் வந்துச்சு, நாகர்கோவில் டிராஃபிக் வந்துச்சு. வீடு வர்ற வரைக்கும் கைய விடலை.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. ஆறு வருஷமா ஆச்சி சாவுல நான் யோசிச்சதெல்லாம் என்னைப் பத்தித்தான். நான் போகலையே, என்னை நினைச்சாளா, என் பேரைச் சொன்னாளா. ஆச்சிக்கு வலிச்சுதான்னு கேக்கலை. அந்த முனகலோட நாலு ராத்திரி ஒத்தையில உக்காந்திருந்த அம்மாகிட்ட, "உனக்கு எப்படி இருந்துச்சு?"ன்னும் கேக்கலை. முதல் முதலா ஆச்சி கதையைச் சொன்னப்ப தங்கமணி கேட்ட ஒத்தைக் கேள்வி அதுதான். அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவே இல்லை.

அவ நெய்யூர்ப் பக்கம் ரெண்டு வருஷம் செஞ்சதுக்குச் சேவை, ஊழியம், தியாகம்னு என்ன வேணும்னாலும் பேர் வைக்கலாம். அவகிட்ட சொன்னா, "பாண்டுப்பா, கையெழுத்துப் போட்டிருந்தேன்"னு சொல்லுவா. எனக்குத் தோணுறது இதுதான். என்னை மாதிரி ஆளுங்க வராத வீட்டுல, எங்களுக்குப் பதிலா அந்த இடத்துல அவ உக்காந்திருந்தா. எங்க வீட்டுக்கு மட்டும் யாரும் வரலை. அம்மா தனியா உக்காந்திருந்தா.

அடுத்த நாள் காலையில அடுக்களையில பேச்சுச் சத்தம். எட்டிப் பாத்தேன். பாப்பாவோட சாப்பாடு, சளி, ஜட்டி இல்லை. அம்மா ஆச்சியைப் பத்தி முதல்ல இருந்து சொல்லிட்டிருந்தா, எப்ப வலி ஆரம்பிச்சுது, எந்தப் பக்கம் படுத்தா கொஞ்சம் அடங்கும்னு. தங்கமணி வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டுட்டிருந்தா. நான் உள்ள போகலை. திண்ணையில உக்காந்து கேட்டேன்.

டிஸ்கி: இது அட்வைஸ் பதிவு இல்லைன்னாலும் ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். வீட்டுல யாருக்காவது, "இனி ஒண்ணும் செய்ய முடியாது, கூட்டிட்டுப் போங்க"ன்னு சொன்னா, அப்படியே தலையாட்டிட்டு வந்துடாதீங்க. "சரி, வலிக்கு?"ன்னு கேளுங்க. பேலியேட்டிவ் கேர் எங்க இருக்குன்னு கேளுங்க. தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துலயே வீட்டுக்கு வந்து பாக்கிறதும் சேந்திருக்கு. நீங்க சார்லட்ல இருந்தாலும் சரி, பஹ்ரைன்ல இருந்தாலும் சரி, போன்ல கேக்கலாம். டிக்கெட் எடுக்க முடியலைன்னாலும் இதைக் கேக்க முடியும்.

டிஸ்கி 2: அந்த நெத்திலிக் கருவாட்டை யார் சமைச்சதுன்னு கேக்காதீங்க. அம்மாதான். மூக்கைத் துணியால கட்டிக்கிட்டு :-)